கியர்பாக்ஸுக்குள்ள ஒரு திமிங்கலம்

ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கற மக்களே, ஒரு கேள்வி. இன்ஜின் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. கண்ணாடியில ஸ்டிக்கரே ஒட்டி விட்டிருப்பாங்க. கியர்பாக்ஸ் ஆயிலை எப்ப மாத்தினீங்க?

பாதிப் பேர் "அதையும் மாத்தணுமா?"ன்னு கேப்பீங்க. மீதிப் பேர் "பழைய வண்டியில அதைத் தொடவே கூடாது, தொட்டா கியர்பாக்ஸ் காலி"ன்னு சொல்லுவீங்க. இந்த ரெண்டு பதிலுக்கும் பின்னாடி எண்பது வருஷத்துக்கும் மேல ஒரு வரலாறு இருக்கு. அதுல இரண்டாம் உலகப் போர் டாங்கி வருது, அரிசோனா பாலைவனத்துப் புதர் ஒண்ணு வருது, லட்சக்கணக்குல செத்துப்போன திமிங்கலங்கள் வருது. நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சது என்னோட பழைய காருக்காகத்தான். போகப் போக காரை விட இந்தச் சிவப்பு எண்ணெய் மேல ஆர்வம் அதிகமாயிடுச்சு. அதனால இது மெக்கானிக் பாடம் இல்லை, கொஞ்சம் வரலாற்றுப் பதிவு. நீளமா இருக்கும், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

கிளட்ச் பெடலைக் காணோம்!

1920கள்ல கார் ஓட்டறது ஒரு வித்தை. கியர் மாத்தும்போது இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப் போகலைன்னா பல் சக்கரங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி 'கர்ர்ர்ர்'னு ஊரையே கூட்டும். இதுக்கு முதல் வைத்தியம் பார்த்தவர் ஏர்ல் தாம்ப்சன்கிற அமெரிக்கப் பொறியாளர். அவரோட சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928-ல் கேடிலாக் கார்ல வந்தது. இன்னிக்கு நம்மூர் மேனுவல் கார்கள்ல சத்தமில்லாம கியர் விழறது அந்தப் புண்ணியவான் தயவுதான்.

அதே தாம்ப்சன் அடுத்ததா ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு குழுவோட உக்காந்து, கியர் மாத்தற வேலையையே டிரைவர்கிட்டேருந்து பிடுங்கிட்டார். அதுதான் ஹைட்ரா-மேட்டிக். 1939-ல் அறிவிச்சு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்ல 57 டாலர் கூடுதலா வாங்கிக்கிட்டுக் கொடுத்தாங்க. நாலு கியர், கிளட்ச் பெடலே கிடையாது. பெருவாரியா தயாரிச்சு வித்த முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதுதான்.

இது எப்படி வேலை செய்யுது? ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வச்சு ஒண்ணை மட்டும் ஓட விடுங்க. அந்தக் காத்து பட்டு இன்னொரு ஃபேனும் சுத்தும். காத்துக்குப் பதிலா எண்ணெயை நிரப்பி, ரெண்டையும் ஒரே டப்பாவுல அடைச்சா அதுதான் ஃப்ளூயிட் கப்ளிங். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல இரும்புப் பிடிப்பே இல்லை, எண்ணெய்தான் சக்தியைக் கடத்துது. (பின்னாடி இதோட இடத்துக்கு டார்க் கன்வெர்ட்டர் வந்தது. அடிப்படை அதேதான்.)

எனக்குப் பிடிச்சது அடுத்த பகுதி. கியரை எப்ப மாத்தணும்னு முடிவு பண்றதும் எண்ணெய்தான்! வண்டியோட வேகத்துக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கறதுக்கு ஏத்த மாதிரி இன்னொரு பக்கம் அழுத்தம். நடுவுல ஒரு வால்வு. எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அந்தப் பக்கம் வால்வு நகரும், கியர் மாறும். சிலிக்கான் சிப் பொறக்கறதுக்கு முன்னாடியே எண்ணெயில எழுதின இஃப்-எல்ஸ். நம்ம தொழில்ல இருக்கறவங்க இதுக்கு எழுந்து நின்னு கும்பிடலாம்.

போர் வந்ததும் இந்தப் பெட்டி ராணுவத்துக்குப் போச்சு. எம்5 ஸ்டுவர்ட் டாங்கியில ரெண்டு கேடிலாக் வி8 இன்ஜின், ரெண்டு ஹைட்ரா-மேட்டிக். போர் முடிஞ்சதும் 'டாங்கியில ஓடினதாக்கும்'னு விளம்பரம் போட்டு வித்தாங்க. அமெரிக்கா கிளட்சை மறக்க ஆரம்பிச்சது.

ஏன் சிவப்பு?

இந்தப் பெட்டிக்குள்ள இருக்கற எண்ணெய் பண்ற வேலையை எண்ணிப் பாருங்க. சக்தியைக் கடத்தணும். வால்வுகளைத் தள்ளணும். பல் சக்கரங்களைத் தேயாம பாத்துக்கணும். சூட்டை வெளியே கொண்டு போகணும். இது அத்தனைக்கும் மேல ஒரு வேலை இருக்கு. உள்ள இருக்கற கிளட்ச் தட்டுகள் எண்ணெயில மூழ்கியே இருக்கும். ஒண்ணோட ஒண்ணு சேரும்போது முதல்ல கொஞ்சம் வழுக்கணும், இல்லேன்னா வண்டி குதிக்கும். அப்புறம் கெட்டியாப் பிடிக்கணும், இல்லேன்னா சூடாகி எரிஞ்சு போகும். வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும். இந்தக் கழைக்கூத்தை சாதாரண இன்ஜின் ஆயில் பண்ணாது.

அதனால 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ'ன்னு ஒரு தரத்தை வெளியிட்டது. யார் வேணும்னாலும் தயாரிக்கலாம், ஆனா பரிசோதனையில தேறணும். தேறினா டப்பா மேல ஒரு தகுதி எண் போட்டுக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸை எழுதி வெளியிட்டுட்டு யார் வேணும்னாலும் இம்ப்ளிமென்ட் பண்ணிக்கோன்னு விட்டாங்க. மத்த கம்பெனிகளும் அதையே பயன்படுத்த ஆரம்பிச்சாங்க.

சிவப்பு வெறும் சாயம்தான், அதுக்கு வேற எந்த குணமும் இல்லை. வண்டிக்கு அடியில சொட்டுச் சொட்டா எண்ணெய் கிடந்தா அது இன்ஜின்லேருந்து வருதா கியர்பாக்ஸ்லேருந்து வருதான்னு பாத்ததும் தெரியணும், அவ்வளவுதான். எவ்வளவு எளிமையான டீபக்கிங் டூல் பாருங்க.

1957-ல் டைப் ஏ-வோட அடுத்த பதிப்பு, 1967-ல் டெக்ஸ்ரான். ஃபோர்டு அறுபதுகள்ல 'எங்க வழி தனி வழி'ன்னு பிரிஞ்சு டைப் எஃப் கொண்டு வந்தது. அதுல வழுக்கலைக் கூட்டற மருந்து கிடையாது, கிளட்ச் 'டப்'னு பிடிக்கும். ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே சிவப்பு. மாத்தி ஊத்தினா வினை. 'எல்லா எண்ணெயும் ஒண்ணுதானே'ங்கற நினைப்புக்கு அப்பவே சமாதி கட்டியாச்சு.

அந்த வழுக்கல் மருந்து எங்கேருந்து வந்தது?

திமிங்கலம் வர்ற இடம் இதுதான்.

ஸ்பெர்ம் வேல்னு சொல்ற எண்ணெய்த் திமிங்கலம் தெரியும்தானே? நம்மூர் பேப்பர்ல அடிக்கடி 'கோடிக்கணக்கான மதிப்புள்ள திமிங்கல உமிழ்நீர் பறிமுதல்'னு வருமே, அந்த அம்பர்கிரிஸ் இதோட வயித்துல உண்டாகறதுதான். இதோட பெரிய தலைக்குள்ளயும் கொழுப்புலயும் ஒரு விசேஷ எண்ணெய் இருக்கு. ரசாயனப்படி பாத்தா அது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி இல்லை, திரவ மெழுகு. சூட்டுல சீக்கிரம் கெடாது, உலோகத்து மேல மெல்லிய படலமா ஒட்டிக்கும். இதைக் கந்தகத்தோட சேத்துச் சூடாக்கினா, பயங்கர அழுத்தத்துலயும் தாக்குப் பிடிக்கற மசகுப் பொருள் கிடைக்கும். ஐம்பது அறுபதுகள்ல வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில கலந்தது இதைத்தான். பெட்ரோலிய எண்ணெயோட கொஞ்சமா திமிங்கல எண்ணெய். வழுக்கவும் செய்யும், பிடிக்கவும் செய்யும்.

பள்ளிக்கூடத்துல ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் காலத்துல விளக்கெரிக்கத் திமிங்கலங்களைக் கொன்னாங்க, 1859-ல் பென்சில்வேனியாவுல எண்ணெய்க் கிணறு தோண்டினாங்க, மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கலம் தப்பிச்சதுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குதான் ஒத்து வரலை.

1700களின் தொடக்கத்துலேருந்து 1899 வரைக்கும், பாய்மரக் கப்பல்லயும் கை ஈட்டியிலயும், உலகம் முழுக்கக் கொன்ன எண்ணெய்த் திமிங்கலங்கள் சுமார் 3 லட்சம்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்காங்க. 1900-லேருந்து 1962 வரைக்கும் இன்னொரு 3 லட்சம். 1962-லேருந்து 1972 வரை, வெறும் பத்தே வருஷத்துல, மறுபடியும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. 1964-ல் மட்டும் சுமார் 29,000. அதாவது மண்ணெண்ணெய் வந்து நூறு வருஷம் கழிச்சு, ராக்கெட் நிலாவுக்குப் போன காலத்துலதான் உச்சகட்டக் கொலை.

இத்தனையும் கியர்பாக்ஸுக்காகன்னு நான் சொல்ல வரலை. சோவியத் கப்பல்களும் ஜப்பான் கப்பல்களும் பல காரணத்துக்காக வேட்டையாடின. தோல் பதனிட, முகப்பூச்சுக்கு, தொழிற்சாலை மசகு எண்ணெய்க்குன்னு போச்சு. அமெரிக்க அரசு, போர்க்காலத்துக்குத் தேவைப்படற பொருள்னு திமிங்கல எண்ணெயைச் சேமிச்சே வச்சிருந்தது. ஆனா அந்தப் பட்டியல்ல ஒரு வரி நம்ம கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிக்கற சிரமம் இல்லாம ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வண்டி ஓட்டிட்டுப் போன யாருக்கும், காலுக்கடியில திமிங்கலம் இருந்தது தெரியாது. 'சிவப்பு ஆயில்', அவ்வளவுதான்.

தடை வந்தது, ரேடியேட்டர் அரிச்சது

1970-ல் அமெரிக்க உள்துறைச் செயலர் வால்டர் ஹிக்கல் (நம்மூர் மாதிரி போலீஸ் பாக்கற உள்துறை இல்லை, காடு-நிலம் பாக்கற துறை) எட்டு வகைப் பெரிய திமிங்கலங்களை அழிவின் விளிம்பில் இருக்கற உயிரினங்கள் பட்டியல்ல சேத்தார். 1971 முடியறதுக்குள்ள எண்ணெய் இறக்குமதி நின்னு போச்சு.

ஒரு லைப்ரரியை திடீர்னு நிறுத்திட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அதேதான் ஆச்சு. எண்ணெய்க் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் மாத்து மருந்து தேடி ஓடினாங்க. எழுபதுகளின் முதல் பாதியில திமிங்கலம் இல்லாத டெக்ஸ்ரான்-2 வந்தது. அதோட முதல் வடிவத்துல துருப்பிடிக்காம இருக்கச் சேத்த புது ரசாயனம் ஒண்ணு, எண்ணெயைக் குளிரவைக்கற குழாய்களோட ஈயப் பத்தவைப்பை அரிக்க ஆரம்பிச்சது.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கறீங்களா? கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கற குழாய் ரேடியேட்டர் தண்ணிக்குள்ளதான் இருக்கும். பத்தவைப்பு விட்டுப் போச்சுன்னா ரேடியேட்டர் தண்ணி கியர்பாக்ஸுக்குள்ள வரும். கிளட்ச் தட்டுகள் மேல உராய்வுப் பொருளை ஒட்டி வச்சிருக்கற பசைக்குத் தண்ணியும் கூலண்ட்டும் ஜென்ம விரோதி. பசை விடும், தட்டு உரியும், கியர்பாக்ஸ் முடிஞ்சது. கொஞ்ச காலத்துலயே ரசாயனத்தைத் திருத்தி டெக்ஸ்ரான்-2டி விட்டாங்க. திமிங்கலம் சும்மா செஞ்சுக்கிட்டிருந்த வேலையை மனுஷன் செஞ்சு காட்ட சில வருஷம் ஆச்சு.

இதே நேரத்துல இன்னொரு கிளைக்கதை. அரிசோனா, கலிஃபோர்னியா, மெக்சிகோ பாலைவனத்துல ஹொஹோபான்னு ஒரு புதர். நம்ம ஷாம்பூ பாட்டில்ல 'ஜோஜோபா'ன்னு போட்டிருக்குமே, அதேதான். அதோட விதையில இருக்கறது எண்ணெய் இல்லை, திரவ மெழுகு, திமிங்கலத் தலையில இருக்கறதுக்கு நெருங்கின சொந்தம்னு 1933-லயே அரிசோனா பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சிருந்தாங்க. நாப்பது வருஷம் யாரும் பெருசா சீண்டலை. தடை வந்ததும் அங்கேயுள்ள பூர்வகுடி மக்களை வச்சு விதை பொறுக்க வச்சாங்க, 1975-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அறிக்கையே போட்டது. ஆனா புதர் காய்க்க சில வருஷம் ஆகும், விலையும் ஜாஸ்தி. காருக்கு வேணுங்கற அளவு வர்றதுக்குள்ள செயற்கை ரசாயனங்கள் அந்த இடத்தைப் பிடிச்சிடுச்சு. ஹொஹோபா தலைக்குத் தேய்க்கப் போயிடுச்சு.

'ஆயுசுக்கும் மாத்த வேணாம்'

செயற்கை எண்ணெய்கள் மேம்பட மேம்பட, மாத்தற இடைவெளியும் நீண்டது. எண்பதுகள்ல பல அமெரிக்கக் கார் மேனுவல்ல 'சாதாரண உபயோகம்னா 1,00,000 மைல், கடுமையான உபயோகம்னா 15,000 மைல்'னு இருக்கும். கடுமைன்னா என்ன? டாக்ஸி, ட்ரெய்லர் இழுக்கறது, வெயில் ஊர்ல நெரிசல் டிராஃபிக். அதாவது நம்மள்ல பாதிப் பேர்! யார் கீழே சின்ன எழுத்தைப் படிச்சா? அப்புறம் சில கம்பெனிகள் 'ஆயுசுக்கும் போதும்'னே எழுதிட்டாங்க, எண்ணெய் அளக்கற குச்சியைக்கூட எடுத்துட்டாங்க. யாரோட ஆயுசுன்னு மட்டும் எழுதலை. வாரண்டி முடியற வரைக்கும்னா சரிதான் :-)

எண்ணெய்க்கு எமன் சூடு. ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்கு மேல ஒவ்வொரு 10-11 டிகிரிக்கும் எண்ணெயோட ஆயுசு பாதியாகும். சிவப்பு பழுப்பாகும், கருகின வாடை வரும். கிளட்ச் தட்டுகள் தேஞ்ச தூள் அதுல மிதக்கும். அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர். ஆரம்ப காலத்துல அது வெறும் கம்பி வலை, கழுவித் திருப்பி மாட்டலாம். பின்னாடி காகிதம், ஃபெல்ட்னு தூக்கிப் போடற வகை வந்தது. அது அடைச்சுக்கிட்டா பம்ப்புக்கு எண்ணெய் பத்தாது, அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடு, இன்னும் தூள், இன்னும் அடைப்பு. இன்ஃபினிட் லூப்.

அப்ப 'பழைய வண்டியில மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்'ங்கறது? அதுல துளி உண்மை இருக்கு. தட்டு ரொம்பத் தேஞ்சு போன வண்டியில, அந்த மிதக்கற தூள்தான் கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கிட்டிருக்கும். புது எண்ணெயோட வழுக்கல் மருந்து புத்தம் புதுசு, மிச்ச பிடிப்பும் போகலாம். ஆனா பெரும்பாலும் நடக்கறது வேற. மனுஷங்க எப்ப எண்ணெய் மாத்த யோசிக்கறாங்க? கியர் வழுக்க ஆரம்பிச்ச பிறகு. ஐசியூவுல சேத்த பிறகு செத்தவங்களை எண்ணி, ஐசியூதான் கொல்லுதுன்னு சொன்னா எப்படி?

என் கார் இருபது வயசு தாண்டின கிழம். ஊருக்குத் திரும்பின ஒரு மாணவர்கிட்ட 2,800 டாலருக்கு வாங்கினது. கியர்பாக்ஸ் போனா சரி பண்ண ஆகற செலவு காரை விட ஜாஸ்தி, அதனால இது எனக்கு வெறும் வரலாறு இல்லை. ஒரு பட்டறையில 'தொடாதே'ன்னாங்க. இன்னொரு பட்டறையில மெஷின் வச்சு அழுத்தி மொத்தத்தையும் அலசிடலாம்னாங்க. வழுக்கல் இல்லை, கருகின வாடை இல்லை, எண்ணெய் பழுப்பு மட்டும்தான். அதனால நடுவழி: நானும் ரூம்மேட்டும் கீழே இருக்கற தட்டை இறக்கினோம். இருபது போல்ட். உள்ள காந்தத்துல சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருந்தது. வெண்ணெய் மாதிரி மென்மையா இருந்தா அது வயசுக்கேத்த தேய்மானம், இரும்புச் சில்லு கிடைச்சாத்தான் கவலை. எங்களுக்குக் களிம்புதான். ஃபில்டர், கேஸ்கெட் மாத்தி, எவ்வளவு இறங்கிச்சோ அவ்வளவு ஊத்தினோம்.

தட்டை இறக்கினா பாதி எண்ணெய்தான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டர்ல தங்கிடும். மொத்தம் சுமார் 12 லிட்டர்ல 6 லிட்டர். ஒருதரம் மாத்தினா 50 சதவீதம் பழசு, ரெண்டாம் தரம் 25, மூணாம் தரம் 12.5. சில மாசம் இடைவெளி விட்டு மூணு தரம் பண்ணா கியர்பாக்ஸுக்கு அதிர்ச்சியும் இல்லை, எண்ணெயும் முக்கால்வாசிக்கு மேல புதுசு. எங்களுக்கு ரெண்டு தரம் முடிஞ்சது, வண்டி நல்லாத்தான் ஓடுது.

மேனுவல்ல டெக்ஸ்ரான்-3ன்னு போட்டிருந்தது. 2005-ல் டெக்ஸ்ரான்-6 வந்துடுச்சு, பழைய 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் லைசென்ஸ் கொடுக்கறதையும் அதுக்கப்புறம் நிறுத்திட்டாங்க. அவங்க கியர்பாக்ஸுக்கு 3-க்குப் பதிலா 6 ஊத்தலாம். கடையில அந்த பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுப் பின்பக்கம் படிச்சேன். வேதிப் பெயர் எதுவும் இல்லை. அன்னிக்கு டைப் ஏ டப்பா மேலயும் 'திமிங்கலம் சேர்ந்தது'ன்னு யாரும் எழுதி ஒட்டலை. கண்ணுக்குத் தெரியாத இடத்துல, 'ஆயுசுக்கும் போதும்'னு சொல்லி மூடி வச்ச பொருள் எங்கேருந்து வருது, தீர்ந்தா என்ன ஆகும்னு கேக்கற பழக்கம் நமக்கு இல்லை. அமெரிக்காவுல அந்தக் கேள்வியை ஒரு சட்டம் வந்துதான் கேக்க வச்சது. கேட்ட பிறகு வேற வழி கிடைக்கத்தான் செஞ்சது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்தணும்னு சர்வதேச ஆணையம் முடிவெடுத்தது 1982-ல். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அமெரிக்க கியர்பாக்ஸ் திமிங்கலம் இல்லாம ஓடக் கத்துக்கிச்சு.

டிஸ்கி 1: உங்க வண்டிக்கு எந்த எண்ணெய்னு மேனுவலைப் பாருங்க, பதிவைப் பாத்து ஊத்தாதீங்க. ஃபோர்டும் டொயோட்டாவும் ஹோண்டாவும் ஆளுக்கொரு தரம் வச்சிருக்காங்க.

டிஸ்கி 2: பழைய எண்ணெயைச் சாக்கடையில ஊத்தாதீங்க சாமிகளா. இங்கே பல உதிரிபாகக் கடையிலயே இலவசமா வாங்கிக்கறாங்க. ஆறு லிட்டரை டப்பாவுல ஊத்திக் கொடுத்தா வேலை முடிஞ்சது.

டிஸ்கி 3: எழுபதுகள்ல அமெரிக்க வண்டியில கை வச்ச மெக்கானிக் யாராவது உங்க சொந்தத்துல இருந்தா, அந்த ரேடியேட்டர் கதையைக் கேட்டுச் சொல்லுங்க. நேர்ல பாத்தவங்க சொல்லிக் கேக்க ஆசையா இருக்கு.